ரெண்டாவது பூசணிக்காய்

மார்ச் 2, திங்கள்

காலைல ஏழு மணிக்கே வெயில் சுள்ளுனு. மாசி முடியலை, அதுக்குள்ள இப்படி. லாட்ஜ் ஜன்னலைத் திறந்தா திருத்தணி மலை. படியில மொட்டைத் தலைங்க வரிசையா இறங்கி வருது, எல்லாம் சந்தனம் பூசின தலை. எண்ண ஆரம்பிச்சு நாப்பதுல விட்டுட்டேன்.

இன்னிக்கு வேலை:
1. டிபன்.
2. மாத்திரை (பத்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டா).
3. ஷூட்டிங் போகணும்.

மூணாவதை எழுதறப்பவே சிரிப்பு வருது. இருபத்தாறு வருஷம் ஸ்டுடியோவுல உத்தியோகம். முதல்ல கதை இலாகா, அப்புறம் தயாரிப்பு நிர்வாகம், கடைசி ஒம்போது வருஷம் எல்லாத்துக்கும் மேல உக்காந்திருந்தேன். ஷூட்டிங்குக்குன்னு போனது பூஜை அன்னிக்கும் பூசணிக்காய் அன்னிக்கும் மட்டும்தான். கடைசி நாள் கார்ல போய் இறங்குவேன். கற்பூரம் ஏத்தின பூசணிக்காயைக் கையில குடுப்பாங்க. திருஷ்டி சுத்தி ஓங்கி உடைப்பேன். எல்லாரும் கை தட்டுவாங்க. படம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் கேமராவைத் தொட மாட்டாங்க. ஒரு போட்டோ, திரும்பி கார். நடுவுல என்ன நடக்குதுன்னு சத்தியமா தெரியாது.

இப்போ என் சொந்தப் படம். ரிடையர் ஆகி, வீட்டுல பத்மாவோட எட்டு மாசம் சண்டை போட்டு, அப்புறம் எடுக்கிறது. கடைசி ஒரு வாரம் முழுக்க இங்கேயே இருக்கப் போறேன்னு சொன்னேன்.

பத்மா: "நீங்க அங்க போயி என்னா பண்ணப் போறீங்க? வழியில நிக்காதீங்க, பாவம் அதுங்க வேலை செய்யட்டும்."

புது நோட்டு இது. பின்னாடி படிச்சா எனக்கே குழம்பும். யார் யாருன்னு எழுதி வெக்கிறேன்.

மஞ்சுளா: டைரக்டர். முப்பத்திநாலு வயசு. பக்கத்துல பள்ளிப்பட்டுப் பொண்ணு, கோவம் வந்தா தெலுங்கு. இனிமே ம.
ஏகாம்பரம்: புரொடக்ஷன் மேனேஜர். ஸ்டுடியோ காலத்துலேர்ந்து என் கூட. இனிமே ஏகா.
சௌந்தரம் அம்மா: நாப்பது வருஷமா எல்லா ஹீரோவுக்கும் அம்மா. இதுல அவங்கதான் ஹீரோ.

கதை: அறுபது வயசுல ஒருத்தி தனக்குன்னு ஒரு தறி வாங்குறா. அவ்வளவுதான். நாலு வருஷம் முன்னாடி ம. என் ரூம்ல வந்து இதைச் சொன்னப்போ நான்தான் வேணாம்னேன். அப்புறம் குளிக்கும்போது, கார்ல போகும்போது, இதே கதை. ரிடையர் ஆனதும் நானே போன் பண்ணேன். அந்தப் பொண்ணு மூணு நாள் எடுக்கவே இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

கே.ஜி.கண்டிகை தாண்டி ஒரு தெரு. பதினோரு வீடு, பதினெட்டு பவர்லூம். நாங்க எடுக்கிறது முனிரத்தினம் வீட்டுல. பின்னாடி ஷெட்டுல மூணு தறி. அதுல ஒண்ணு புத்தம் புதுசு, பொங்கலுக்கு வந்தது, இன்னும் ஓட்டவே இல்லை. கதையில அம்மா வாங்குற தறி அதான்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்க. ஒரு மணி நேரத்துல நாலு தடவை நகத்தினாங்க. ஒரு தடவை ஃபிரேம்ல என் கால். ஒரு தடவை என் நிழல். ஒரு தடவை என் இருமல். கடைசியா கோழிக்கூண்டு பக்கத்துல. அங்க யாருக்கும் தொந்தரவு இல்லை, கோழிங்களுக்குத் தவிர.

லைட் ஆளுங்க பேசிக்கிறது காதுல விழுந்துச்சு:
"பாக்கலாம் சார் வந்துட்டாருடா."
"வந்து?"
"பாத்துகினு இருக்காரு."

எனக்கு இப்படி ஒரு பேர் இருக்கிறது இன்னிக்குத்தான் தெரியும். மதியம் சாப்பாட்டுல ம. கிட்ட கேட்டேன். தட்டைப் பாத்துக்கிட்டே, "இண்டஸ்ட்ரி பூரா தெரியும் சார், உங்களுக்கு மட்டும்தான் தெரியாது" ன்னு சொல்லுது. கதை கேட்டு முடிச்சதும் "நல்லா இருக்குது, பாக்கலாம்" னு சொல்லுவேனாம். அப்படிச் சொன்னா அந்தக் கதை செத்துதுன்னு அர்த்தமாம்.

நெசம்தான். அதுல பொய் ஒண்ணும் இல்லை. முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்ல எனக்கு என்னிக்குமே தைரியம் வந்ததில்லை.

சாப்பாடு: கத்திரிக்கா காரக்கொழம்பு. அருமை. ரெண்டாவது தடவை வாங்கினேன், பத்மாவுக்குச் சொல்லலை.

மார்ச் 5, வியாழன்

வெயில். மேகம் ஒண்ணு வந்துச்சு, மழை வரும்னு பாத்தா சும்மா வேடிக்கை பாத்துட்டுப் போச்சு.

மூணு நாள்ல தெரிஞ்சுக்கிட்டது:
- வெளிச்சத்தைத் திருப்பி விடுற தெர்மோகோல் அட்டையைப் பிடிச்சுகினு நிக்கிறது சும்மா வேலை இல்லை. பத்து நிமிஷம் பிடிச்சேன், தோள் கழண்டுடுச்சு.
- ஷூட்டிங்னா முக்கால்வாசி நேரம் காத்துகினு இருக்கிறது. யாரும் சும்மா இல்லை, ஆனா எல்லாரும் காத்துகினு இருக்காங்க.
- "ஒன் மோர்" னா நல்லா இல்லைன்னு இல்லை. சில நேரம் ரொம்ப நல்லா இருந்தாலும் ஒன் மோர்.
- டீ குடுக்கும்போது சத்தம் போடாம உறிஞ்சணும்.

இந்தப் படத்துக்கு டப்பிங் கிடையாது. பேச்சு, சத்தம் எல்லாம் இங்கேயே பதிவு. தெருவுல தறிங்க எல்லாம் டக்கடக் டக்கடக்னு நாள் முழுக்க ஓடுது. அது படம் பூரா இருக்கணும்கிறா ம. கடைசி ஷாட்ல மட்டும் இருக்கக் கூடாது.

கடைசி ஷாட் என்னன்னா, அம்மா புதுத்தறிக்கு சுவிட்ச் போடறாங்க. தறி ஓடுது. நாலு விரக்கடை துணி வருது. நிறுத்துறாங்க. எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. அந்தத் துணியைத் தொட்டுப் பாத்துகினு உக்காந்திருக்காங்க. படம் முடிஞ்சுது.

"அந்த அமைதிதான் சார் படமே. மிச்சமெல்லாம் அதுக்கு முன்னாடி வர்ற சத்தம்" னு சொல்றா. நாலு வருஷம் முன்னாடி இதையும் சொல்லியிருப்பா. நான் வாட்ச் பாத்திருப்பேன்.

திங்கக்கிழமை மாசாந்திர கரண்ட் கட், காலைல ஒம்போதுலேர்ந்து அஞ்சு வரைக்கும். தெரு பூரா தறி நிக்கும். நம்ம தறிக்கு மட்டும் ஜெனரேட்டர், தூரமா தோப்புல வெச்சு ஒயர் இழுக்கிறாங்க. கரண்ட் கட்டுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவங்க தமிழ்நாட்டுல நாங்கதான்.

மார்ச் 7, சனி

இட்லி, வடகறி. வடகறி சுமார்.

சௌந்தரம் அம்மா பக்கத்துல உக்காந்து டீ. அஞ்சு நாளா இந்தம்மாவைப் பாக்கிறேன். ஒரு பார்வை பாக்கிறதுக்கு முன்னாடி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்புல சொருகுறாங்க பாருங்க, அதுலயே அந்தப் பொம்பளை முழுசா வந்துடறா. எத்தனை படத்துல இவங்களை பட்ஜெட் காகிதத்துல "அம்மா, 6 நாள்" னு பாத்திருக்கேன். வெக்கமா இருந்துச்சு. சொன்னேன்.

"அதனால என்னா சார். ஆறு நாள் குடுத்தீங்களே" ன்னாங்க.

பூசணிக்காய் பத்திப் பேச்சு வந்துச்சு. முன்னாடி ஒரு படம். பூசணிக்காய் உடைச்ச மறுநாள், ஒரே ஒரு ஷாட் பாக்கின்னு திரும்பக் கூப்பிட்டாங்களாம். போய் நடிச்சுட்டு வந்தாங்க. அந்தப் படம் இன்னிக்கு வரைக்கும் வெளிய வரலை. "நான் நடிச்சதுலயே நல்ல வேஷம் சார் அது. டப்பாக்குள்ளயே கெடக்குது. அன்னிலேர்ந்து பூசணிக்கா ஒடைஞ்சா மொகத்துல பவுடர் போடமாட்டேன். சாமியே வந்து கூப்ட்டாலும் சரி."

தலையாட்டிக் கேட்டேன். கேட்டதோட சரி.

மார்ச் 8, ஞாயிறு

லீவு. தூங்கினேன். திருப்பதி போற பஸ் ஹாரன்ல முழிச்சு, திரும்பத் தூங்கினேன். இவ்வளவு நிம்மதியா எத்தனை வருஷம் ஆச்சு.

மார்ச் 9, திங்கள். மதியம் மூணரை

நாசமாப் போச்சு. நான் பண்ணது.

வரிசையா எழுதறேன்.

ஒம்போது மணிக்கு கரண்ட் போச்சு. தெருவே அடங்குச்சு. காலைல சின்னச் சின்ன ஷாட். கடைசி ஷாட் ரெண்டரைக்குன்னு சொன்னாங்க, அப்பதான் ஷெட்டுக்குள்ள வெயில் சாஞ்சு விழுமாம். பன்னெண்டரைக்கு நான் பூசணிக்காய் வாங்கக் கிளம்பினேன். ஏகா. போறேன்னான். நானே போறேன்னேன். என் படம், என் பூசணிக்காய். திருத்தணி மார்க்கெட்ல நாலு கடை ஏறி, நல்லா உருண்டையா, சாம்பல் பூத்தது ஒண்ணு. கடைக்காரம்மா, "இன்னா நைனா, பொண்ணு பாக்கிற மாதிரி பாக்கிறே" ங்குது. மேல துளை போட்டு குங்குமம் கொட்டி, ஒரு ரூபா காசும் உள்ளே போட்டு வாங்கிட்டேன். ஸ்வீட் வாங்கினேன். ஆட்டோ டயர் பஞ்சர், அதுல அரை மணி நேரம்.

மூணு மணிக்குத் திரும்பி வந்தா, எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. லைட் ஆளுங்க ஒயரைச் சுத்திகினு இருக்காங்க. கேமராவுக்கு மேல துணி போத்தி இருக்குது. சரி, முடிச்சுட்டாங்க, எனக்காகத்தான் நிக்கிறாங்கன்னு நெனச்சேன். ஷெட்டு வாசப்படியில நின்னேன். யாரோ கற்பூரம் ஏத்தினாங்க. சுத்தினேன். உடைச்சேன்.

யாரும் கை தட்டலை.

நடந்தது என்னன்னா, அஞ்சு மணிக்கு வர வேண்டிய கரண்ட் ரெண்டு பத்துக்கே வந்துடுச்சு. நம்ம ஊர்ல கரண்ட் என்னிக்காவது சீக்கிரம் வந்திருக்குதா? தெரு பூரா தறி ஓட ஆரம்பிச்சுடுச்சு. அந்த டக்கடக் என் காதுலயும்தான் விழுந்துச்சு, வாரம் பூரா கேட்டுப் பழகினதால உறைக்கலை. ம. வீட்டுக்குள்ள உக்காந்து என்ன பண்றதுன்னு யோசிச்சுகினு இருக்கா. ஏகா. வீடு வீடாப் போய் தறியை நிறுத்தச் சொல்லப் போயிருக்கான். கடைசி ஷாட் எடுக்கவே இல்லை.

"ஏன்டா யாரும் சொல்லலை?" ன்னு லைட் ஆளைக் கேட்டேன். "புரொட்யூசர் கையில பூசணிக்காயோட நிக்கும்போது நாங்க இன்னா சார் சொல்றது" ன்னான். சரியாத்தான் கேட்டான்.

முடிஞ்சுதான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட கேட்டதில்லை.

ம. வெளிய வந்தா. சிதறிக் கிடக்கிற துண்டுங்களைப் பாத்தா. திட்டலை. தெலுங்குலகூட திட்டலை. படியில உக்காந்து முட்டியைக் கட்டிக்கிட்டா. திட்டியிருந்தா தேவலை.

சௌந்தரம் அம்மா முகத்தைக் கழுவிட்டு வந்து எதிர்ல நின்னாங்க. பொட்டு இல்லை, மேக்கப் இல்லை. "கோவம் இல்லை சார். பயம்" னு மட்டும் சொல்லிட்டு கார்ல ஏறிட்டாங்க. நாளைக்கு சாயந்திரம் ரயில், அடுத்த படம்.

அதே நாள், மாலை ஆறு

முனிரத்தினத்தோட சம்சாரம் லோகநாயகி. ஒரு வாரமா எங்களுக்கெல்லாம் மோர் குடுத்துகினே இருந்த பொம்பளை, இதுவரைக்கும் என்கிட்ட பத்து வார்த்தை பேசினதில்லை. நான் கோழிக்கூண்டு பக்கத்துல உக்காந்திருந்தேன். காபி கொண்டாந்து குடுத்தாங்க.

"ஏன் சார் எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்துகினு இருக்கீங்க?"

சொன்னேன். அந்தம்மா முகத்துல ஒரு குழப்பம்.

"அது உங்க படத்துக்கா ஒடைச்சீங்க? எங்க தறிக்குன்னு இல்ல நெனச்சேன்!"

"உங்க தறிக்கா?"

"ஆங். புதுத்தறிக்கு பூசணிக்கா ஒடைக்காம ஓட்டக் கூடாது சார். ஷூட்டிங்குன்னு நாங்க தள்ளிப் போட்டுகினே வந்தோம். இன்னிக்கு உங்க கடைசி ஷாட்ல தறி ஓடப் போவுதே, அதுக்குத்தான் சார் மொறையா வாங்கியாந்து ஒடைக்கிறாருன்னு எங்க வூட்டுக்காரருகிட்ட பெருமையா சொல்லிகினு இருந்தேன். உள்ள இருந்த ஒரு ரூபாயை எடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சு தறியில கட்டிட்டேனே!"

காபி டம்ளரோட ஷெட்டுக்குள்ளே ஓடினேன். தறியோட மேல் கட்டையில மஞ்சள் முடிச்சு தொங்குது. எனக்கு அந்தம்மா கால்ல விழலாம் போல இருந்துச்சு.

ம.வையும் லோகநாயகியையும் கூட்டிகினு லாட்ஜுக்கு. சௌந்தரம் அம்மா வக்கீல் மாதிரி விசாரிச்சாங்க.

"எங்க நின்னு ஒடைச்சாரு?"
"எங்க ஷெட்டு வாசப்படியில."
"கேமராவைப் பாத்தா?"
"இல்லம்மா, தறியைப் பாத்து. கேமராதான் துணி போட்டு மூடி இருந்துதே."
"கை தட்டினாங்களா?"
"ஒருத்தர்கூட இல்லம்மா" ன்னு நான் சொன்னேன்.

சௌந்தரம் அம்மா எழுந்துட்டாங்க. "காலைல மலை மேல போயி கேட்டுட்டு வந்து சொல்றேன்" னுட்டாங்க.

பத்மாவுக்குப் போன் பண்ணி ஒண்ணு விடாம சொன்னேன். சிரிச்சா. விடாம சிரிச்சா. அப்புறம், "மாத்திரை போட்டீங்களா?"

மார்ச் 10, செவ்வாய்

செவ்வாக்கிழமை, மலை மேல ஏகக் கூட்டம். சௌந்தரம் அம்மா அஞ்சு மணிக்கே போயிட்டாங்க. நான் லாட்ஜ் வாசல்ல நின்னுகினு மூணு டீ. ஒம்போதரைக்கு வந்தாங்க. நெத்தி பூரா விபூதி.

"என்னா சொன்னாரு முருகன்?"

"கூட்டத்துல புடிச்சுத் தள்ளிட்டாங்க சார். கேக்கவே முடியலை. எறங்கி வரும்போது நானே முடிவு பண்ணிட்டேன். மொதல்ல அந்த முடிச்சைக் காட்டுங்க."

காட்டினோம். கையால தொட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அது நேத்து மூணு மணிக்குக் கட்டினதா, நான் கதை சொன்ன பிறகு கட்டினதான்னு நான் ஆராயலை. ஆராயவும் போறதில்லை. லோகநாயகி தறிக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டினாங்க. சௌந்தரம் அம்மா நாற்காலியில உக்காந்து, "மேக்கப்" னாங்க. ம. ஓடிப் போய் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. அழுதிருப்பா. நான் பாக்காத மாதிரி இருந்தேன், என் கண்ணும் சரியில்லை.

ஆனா இன்னிக்கு கரண்ட் கட் இல்லை. தெரு பூரா தறி ஓடுது. பாதி வீட்டுல மாட்டேன்னு ஏகா.கிட்ட நேத்தே சொல்லிட்டாங்க. ரெண்டரை மணிக்கு நிறுத்தணும். பீஸ் கணக்குல கூலி, யார் நிறுத்துவாங்க?

நானே போறேன்னேன். இருபத்தாறு வருஷம் ஜனங்க வந்து என்கிட்ட கேட்டாங்க. நான் போய் ஒருத்தர்கிட்ட கேட்டதில்லை. முதல் வீட்டு வாசல்ல என்ன சொல்றதுன்னே தெரியலை. கதையைச் சொன்னேன். தறிச் சத்தத்துல கத்திக் கத்தி, அறுபது வயசுல ஒரு பொம்பளை தனக்குன்னு தறி வாங்குறான்னு சொன்னேன். கடைசியில நிறுத்திட்டு சும்மா உக்காந்திருப்பா, அதுக்கு ஒரு பத்து நிமிஷம் அமைதி வேணும்னேன்.

"என்னா துணி நெய்யுறா?"
"லுங்கி."
"சொந்தப் பாவா, கூலிப் பாவா?"
பாவு நூல் அவளோடதா, முதலாளி குடுத்ததான்னு கேக்கிறாங்க. ம. கிட்ட போன்ல கேட்டு, "சொந்தப் பாவு" ன்னு சொன்னேன்.
"அப்படின்னா நிறுத்துறோம்."

இப்படியே ஒரு வீடு, ரெண்டு வீடு. ஒம்போது வீட்டுல சரின்னாங்க. ஒரு வீட்டுல என்னை உக்கார வெச்சு சொம்பு நிறைய தண்ணி குடுத்தாங்க. கடைசி வீடு தணிகாசலம்னு ஒருத்தர், நாலு தறி. கதை முழுக்கக் கேட்டார். நூல் அறுந்த இடத்துல முடிச்சு போட்டுகினே கேட்டார். அப்புறம், நிமிர்ந்து பாக்காம:

"நல்லா இருக்குது சார். பாக்கலாம்."

அந்த வார்த்தையோட அர்த்தம் இந்தத் தெருவுல என்னைவிட யாருக்குத் தெரியும்? நன்றின்னு சொல்லிட்டு வந்தேன். எத்தனை பேர் இப்படி என் ரூம்லேர்ந்து நன்றி சொல்லிட்டுப் படி இறங்கிப் போயிருப்பாங்க.

ரெண்டு இருபத்தஞ்சு. வெயில் சாஞ்சு தறி மேல விழுந்துச்சு. ஏகா. தெருவுல இறங்கி துண்டை வீசினான். முதல்ல நின்னது தணிகாசலம் தறி. நாலும் ஒண்ணா நின்னுது. அப்புறம் ஒண்ணொண்ணா, தெரு அந்தக் கோடிவரைக்கும்.

எனக்கு நாற்காலி வேணாம்னுட்டேன். தெர்மோகோல் பிடிச்சுகினு நின்னேன். அம்மா சுவிட்ச் போட்டாங்க. புதுத்தறி ஓடுச்சு, மஞ்சள் முடிச்சு ஆடுச்சு. நிறுத்தினாங்க. எங்கேயும் சத்தம் இல்லை. துணியைத் தொட்டாங்க. இடுப்புல சொருகின தலைப்பை மெதுவா எடுத்து விட்டாங்க. தூரத்துல அரக்கோணம் போற ரயில் ஊதுச்சு. போச்சுடான்னு நெனச்சேன். ம. நிறுத்தலை. அம்மா அந்தச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பிப் பாத்து, லேசா சிரிச்சாங்க.

"கட்" டுன்னு ம. வாயால சொல்லலை. கையைத்தான் காட்டினா.

தோள் வலி தெரியவே இல்லை. ஒரு ஷாட் முழுசா, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நின்னு பாத்தது வாழ்க்கையில இதான் முதல் தடவை. இவ்வளவு வருஷம் எதை விட்டுட்டு இருந்தேன்னு நெனச்சா ஒரு பக்கம் வயித்தெரிச்சல். அதைவிட சந்தோஷம் ஜாஸ்தி.

ஏகா. ரெண்டாவது பூசணிக்காயைக் கையில குடுத்தான். கற்பூரம் எரியுது. தெரு ஜனம் பூரா வந்து நிக்குது, தணிகாசலமும்.

இந்தத் தடவை கேட்டேன். கேமராமேன்கிட்ட கேட்டேன், சவுண்ட் ஆள்கிட்ட கேட்டேன், லைட் ஆளுங்க ஒவ்வொருத்தன்கிட்டயும், மேக்கப், டீ குடுக்கிறவர், லோகநாயகி, சௌந்தரம் அம்மா, கடைசியா ம. கிட்ட. "ஆச்சா? இன்னும் ஏதாவது பாக்கி இருக்குதா?"

"ஆச்சு சார்."
"ஆச்சு சார்."
"எல்லாம் ஆச்சு சார், ஒடைங்க."

ஒரே ஒரு ஆளாவது இன்னும் ஒரு ஷாட் இருக்குதுன்னு சொல்ல மாட்டானான்னு இருந்துச்சு. கற்பூரம் கையைச் சுட்டுது. உடைச்சேன்.